மலாய்க்குப் பின்னால் அக்கா ஏன் போனாள், தெரியுமா?

"முதலை இழந்த அக்கா, கடைசிவரை வராத மலாய்க்குப் பின்னால் நின்று சேர்ந்த துறைமுகம் (4)."

ஞாயிற்றுக்கிழமை பசியாறிக்கொண்டே பேப்பரைப் புரட்டும்போது இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் என்ன நினைப்பீர்கள்? அக்கா கூத்துச் சீட்டில் பணத்தை விட்டுவிட்டாள் என்றா? இல்லை, முதலை வளர்த்தாள் என்றா? இரண்டும் இல்லை! விடை, நீங்கள் உட்கார்ந்து பசியாறும் மாநிலமேதான்!

எப்படி? 'முதல்' என்றது முதலெழுத்தை. 'அக்கா'வின் முதலெழுத்தைக் கிள்ளினால் 'க்கா'. கடைசிவரை வராத 'மலாய்' என்றால், கடைசி எழுத்தான 'ய்' வரவில்லை. மிஞ்சுவது 'மலா'. அதற்குப் பின்னால் 'க்கா'வை நிறுத்துங்கள். மலாக்கா! அடைப்புக்குள் இருக்கும் 4 என்ன? ம, லா, க், கா. நான்கு கட்டம், நான்கு எழுத்து. துறைமுகம் என்ற சொல் ஒன்றுதான் அந்த வரியில் நேராகப் பேசியது. மற்றதெல்லாம் பொடி வைத்த பேச்சு!

இதற்குப் பேர்தான் சிலேடைக் குறுக்கெழுத்து. சாதாரணக் குறுக்கெழுத்தில் "மலாயாவின் பழைய துறைமுகம்" என்று கேட்பார்கள், எழுதிவிட்டு எழுந்துவிடலாம். இதில் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு பாதி. ஒரு பாதி விடையின் பொருள், மறுபாதி பெரும்பாலும் விடையைச் சமைக்கும் செய்முறை. பொருள் எப்போதும் வரியின் முதலில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் இருக்கவே இருக்காது! ஆனால் எந்த இடத்தில் வெட்டிப் பிரிப்பது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். புதிர் கட்டுபவர் உங்களை ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்!

ராஜா ஒருவர் மலாக்காவின் ஒரு மாவட்டத்தையே ஒளித்து வைத்திருக்கிறார், தெரியுமா? "ராஜா சின்னத்துக்குள் ஒளிந்திருக்கும் ஊர் (3)." தலையைச் சொறியாதீர்கள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: ரா, ஜா, சி, ன், ன... கண்டீர்களா? ராஜாவின் வாலும் சின்னத்தின் தலையும் சேர்ந்தால் ஜாசின்! கண்ணெதிரே இருந்தும் கண்ணுக்குத் தெரியாத ரகம் இது. புதிதாக விளையாட வருபவர்கள் முதலில் தேட வேண்டியதும் இதைத்தான்.

இன்னொன்று, மூன்றே எழுத்து: "பாட்டுக்கும் வேண்டும், பாட்டாளிக்கும் வேண்டும்." வித்துவானைக் கேட்டால் ஒரு பதில் சொல்வார், தோட்டத்துக் கிழவியைக் கேட்டால் வேறு பதில் சொல்வார். இரண்டு பதிலும் ஒரே சொல்! லயம்! தாளத்துக்கு ஒரு லயம், பால்மரம் சீவியவர்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கு ஒரு லயம். வெட்டுவதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை, இரண்டு பொருளை அடுத்தடுத்து வைத்ததோடு சரி. என்னைக் கேட்டால் குறிப்புகளிலேயே அழகானது இந்த ரகம்தான்.

'வெள்ளைக்காரன் கண்டுபிடித்த விளையாட்டுதானே' என்கிறீர்களா? பொறுங்கள்! 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் தண்டியலங்காரத்தைப் புரட்டிப் பார்த்ததுண்டா? அதில் சொல்லணியியல் என்று ஒரு பகுதி. லண்டன் பத்திரிகைகள் இன்றைக்குக் காட்டும் வித்தைகள் பல அங்கே வரிசை கட்டி நிற்கின்றன!

எழுத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் புதுப்புதுச் சொல் காண்பது எழுத்துவருத்தனம். எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவது அக்கரச்சுதகம். 'அகரம்' தலையைக் கிள்ளினால் 'கரம்', மறுபடி கிள்ளினால் 'ரம்'! (மூன்றாவது சரக்கு தண்டிக்குத் தெரிந்திருக்காது.) ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். ஜாசினை ஒளித்த ராஜாவுக்குத் தாத்தா இவர்தான்! வினாவுத்தரம் தெரியுமா? சின்னச் சின்னக் கேள்வி கேட்டு, பதில்களை ஒட்டிப் பெரிய பதிலை எடுப்பது. பசு கொடுப்பது என்ன? பால். நிழல் கொடுப்பது என்ன? மரம். இரண்டையும் சேர்த்தால் தோட்டத்தில் என்ன? பால்மரம்!

கட்டம் மட்டும் வெளிநாட்டுச் சரக்கா? அதுவும் இல்லை! சுழிகுளம் என்று ஒரு வகை உண்டு. வரிக்கு எட்டு எழுத்து, நான்கு வரி, மொத்தம் 32 கட்டம். குறுக்கே படித்தாலும் ஒரு பாட்டு, நெடுக்கே கீழிறங்கி மேலேறிச் சுழன்று வந்தாலும் அதே பாட்டு! நடுவில் ஒரு கறுப்புக் கட்டம்கூடக் கிடையாது! இன்றைய புதிர்க்காரரிடம் இப்படி ஒன்று கேட்டுப் பாருங்கள், பென்சிலை வைத்துவிட்டு ஓடிவிடுவார்.

அதற்கும் முன்னால், 7-ஆம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் என்ன செய்தார்? முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் பாடல்களால் ஒரு பதிகத்தையே பாடிவைத்தார்! பேர் திருமாலைமாற்று, மூன்றாம் திருமுறையில் 117-ஆம் பதிகம். 'விகடகவி' என்ற ஒரு சொல்லைத் திருப்பிப் படித்துக் கைதட்டும் நாம் எங்கே, அவர் எங்கே!

இங்கிலீஷில் ஒரு கட்டத்துக்குள் வரக்கூடியவை 26 எழுத்துகள். தமிழில்? 247! உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இதுவே மூச்சு முட்டுகிறதா? கட்டம் போடுகிறவரின் அவஸ்தையைக் கேளுங்கள். புள்ளி வைத்த எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. மலாக்காவின் மூன்றாவது கட்டத்தில் 'க்' இருக்கிறதல்லவா? அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லும் புறப்பட முடியாது! சரி, அங்கே வந்து முடியட்டும் என்றால், தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியவும் முடியாது! முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்பவரைக் கைதூக்கி விடுவது யார் தெரியுமா? காடேக்! நாசி லெமாக்! 'க்'கில் முடியும் மலாய்ப் பேர்கள்! தஞ்சாவூர்ப் புதிர்க்காரருக்கு இல்லாத வசதி மலாக்காக்காரருக்கு உண்டு!

மலாக்காவில் நான்கு இனத்தார் ஒரே பாட்டில் மோதிக்கொள்வார்கள், தெரியுமா? மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்ச்சுகீசிய வம்சாவளியினர், நம் மலாக்கா செட்டிகள். பாட்டின் பேர் டொண்டாங் சாயாங். வயலினும் ரெபானாவும் ஒலிக்க, ஒருவர் பந்துன் பாடுவார், எதிராளி அந்த இடத்திலேயே கட்டி அதற்குப் பதில் பந்துன் பாட வேண்டும்! எழுதிக்கொண்டு வரும் வேலையெல்லாம் இல்லை! 2018-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2020-இல் பந்துனும் சேர்ந்தது.

பந்துனுக்கும் குறுக்கெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பந்துனின் நான்கு வரியைப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு வரி எங்கோ படகு, பூ, பழம் என்று சுற்றும். பேர் பெம்பாயாங். சொல்லவந்த விஷயம் பின்னிரண்டு வரியில்தான் வரும். ஒரு பாதி பூச்சு, ஒரு பாதி பொருள்! விடுகதைப் பந்துன் என்றே தனியாக ஒரு வகையும் உண்டு! நூற்றாண்டுகளுக்கு முன் வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, வீட்டில் மலாய் பேசி, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலில் இன்றும் கும்பிடும் செட்டிகளுக்கு இது நாக்கிலேயே ஊறிய கலை. கம்போங் செட்டியில் ஒரு சிலேடைக் குறுக்கெழுத்துக் கழகம் தொடங்கினால் மற்ற மாநிலங்கள் தாங்குமா? எனக்குச் சந்தேகம்தான்!

சரி, கட்டத்தைப் பேப்பரில் அச்சடித்த புண்ணியவான் யார்? ஆர்தர் வின். லிவர்பூலில் பிறந்தவர். 1913 டிசம்பர் 21-இல் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் அவர் போட்ட முதல் புதிர் சதுரமே இல்லை, வைர வடிவம்! அவர் வைத்த பேர் 'வேர்ட் கிராஸ்'. சில வாரங்களில் அச்சுக்கோப்பில் சொல் இடம் மாறி 'கிராஸ் வேர்ட்' ஆகிவிட்டது. அந்தப் பிழைதான் இன்றுவரை பேர்!

1924-இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் வெளியிட்ட முதல் புத்தகமே குறுக்கெழுத்துப் புத்தகம்தான். கூடவே ஒரு பென்சில் இலவசம்! அதே ஆண்டு 'நியூயார்க் டைம்ஸ்', இதெல்லாம் பாவகரமான நேர விரயம் என்று திட்டித் தீர்த்தது. அப்புறம்? அதே பத்திரிகை தானும் குறுக்கெழுத்துப் போடத் தொடங்கியது! எந்தத் தேதியில் தெரியுமா? 1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த அதே நாள்!

இன்னும் கேளுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜப்பானியப் படை மலாக்காவுக்குள் நுழைந்த அதே ஜனவரியில், லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' அலுவலகத்தில் ஒரு போட்டி நடந்தது. 12 நிமிடத்துக்குள் சிலேடைக் குறுக்கெழுத்தை முடிக்க முடியுமா என்று சவால்! வந்து முடித்தவர்களில் சிலருக்குப் பிறகு அரசாங்கத்திடமிருந்து ரகசியக் கடிதம் வந்தது. எங்கே அழைத்தார்கள்? ஜெர்மானியரின் சங்கேத மொழியை உடைத்துக்கொண்டிருந்த பிளெச்லி பார்க்குக்கு! பொழுதுபோக்காகக் கட்டம் நிரப்பப் போனவர்கள் போர்க்கால உளவு வேலையில் உட்கார்ந்தார்கள்!

அதே பத்திரிகையில் 1944 மே மாதம் நடந்ததைக் கேட்டால் ரோமம் சிலிர்க்கும். நார்மண்டிப் படையெடுப்பின் பரம ரகசியச் சொற்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கெழுத்து விடைகளாக வந்தன! யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி, கடைசியாக ஜூன் 1-இல் நெப்டியூன்! படை இறங்கியது ஜூன் 6-இல்! புதிர் கட்டியவர் லியோனார்டு டாவ் என்ற தலைமையாசிரியர். உளவுத்துறை அவரைப் பிடித்துத் துருவித் துருவிக் கேட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்து அவருடைய மாணவர் ஒருவர், கட்டத்தை நிரப்பச் சொற்கள் கொடுத்ததே பள்ளிப் பையன்களாகிய நாங்கள்தான், பக்கத்து ராணுவ முகாமில் காதில் விழுந்ததைச் சொன்னோம் என்றார்! நம்புவதா வேண்டாமா? உங்கள் இஷ்டம்!

புதிர்க்காரர்கள் எப்படிப் பேர் வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? டோர்க்கமாடா, சிமனீஸ், அசெட். மூன்றும் மக்களைச் சித்திரவதை செய்த ஸ்பானிய விசாரணை அதிகாரிகளின் பேர்கள்! அசெட் என்பது டேசா என்ற பேரைப் பின்னிருந்து எழுதியது! பேரைப் பார்த்தே ஓடியிருக்க வேண்டும், ஆனால் 'அப்சர்வர்' பத்திரிகையின் வாசகர்கள் வாராவாரம் தாங்களாகவே வந்து மாட்டிக்கொண்டார்கள்.

அந்த டோர்க்கமாடா 1934-இல் ஒரு கொலைக்கதை எழுதி, அதன் 100 பக்கங்களையும் தாறுமாறாக அடுக்கி அச்சிட்டார். வரிசையைக் கண்டுபிடிப்பது வாசகர் பாடு! 100 பக்கத்தை எத்தனை விதமாக அடுக்கலாம்? 158 இலக்கம் கொண்ட ஓர் எண்! அப்போது விடை கண்டவர்கள் இரண்டே பேர். 2020-இல் கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த ஜான் ஃபின்னமோர் என்ற நகைச்சுவை எழுத்தாளர் மறுபடி உடைத்தார்.

குறிப்பு எழுதியே கின்னஸில் ஏறியவர் உண்டா? உண்டு! ரோஜர் ஸ்கொயர்ஸ். 2007-இல் அவர் எழுதிய குறிப்புகளின் கணக்கு 20 லட்சத்தைத் தொட்டது! 1961-இல் இலங்கைக் கடலில் விழுந்த கடற்படை விமானத்திலிருந்து தப்பி வந்த மனிதர் அவர். அன்று மூழ்கியிருந்தால்? 20 லட்சமும் போயிருக்கும்!

நம் பக்கம்? 1930-களிலேயே எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகடன்' பரிசு வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தித் தமிழ்நாட்டைக் கிறுகிறுக்க வைத்தது. சென்னை 'இந்து' 1971-இலிருந்து சிலேடைப் புதிர் போடுகிறது. தமிழிலேயே சிலேடைக் குறிப்புகளோடு புதிர் கட்டிப் பழக்கியவர்களில் முக்கியமானவர் வாஞ்சிநாதன், கணிதப் பேராசிரியர்! அந்தப் புதிர்கள் மாதாமாதம் வந்தது எங்கே? கலிபோர்னியாவிலிருந்து வரும் 'தென்றல்' இதழில்!

இனி உங்கள் முறை. "கங்காவோடு முதலில்லாப் பணி சேர்ந்தால் தோட்டத்தில் மிரட்டுவார் (4)." அக்காவுக்குச் செய்ததையே பணிக்கும் செய்யுங்கள். ப போனால் ணி. கங்கா, ணி... வந்துவிட்டாரா கையில் பிரம்போடு? கங்காணி!

"தலை போனாலும் வீரப்பர் சீவச் சீவப் பால் தருவார் (4)." வீரப்பரின் தலை 'வீ'. அது போனால் ரப்பர்! மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் ரப்பர் நட்ட இடம் எது தெரியுமா? நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்! நட்டவர் டான் சாய் யான், ஆண்டு 1896! அக்காவும் அப்பாவும் பால்மரத்துக்குப் போன கதையெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கடைசியாக ஒன்று, விடை சொல்லமாட்டேன். "ஒளி குறை, சிந்தாமல் பாலை ஏந்து (3)." வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். நடு எழுத்துக்குப் புள்ளி உண்டு. அதற்கும் மேல் முடியவில்லையா? மரம் சீவிய ஒரு பாட்டியைக் கேளுங்கள், உங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார்!