நோய் தீர்ந்தபின் உத்தியோகம்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து மீண்டும் வேலை தேடப் புறப்படுவோர் பலர் அஞ்சுவது ஒரு வினாவுக்கு: "இடையிலே இத்தனை காலம் என்ன செய்தீர்கள்?"

வட அயர்லாந்து நீங்கலான பிரித்தானியாவிலே, 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இவ்வச்சத்தைச் சிறிது தணித்திருக்கிறது. புற்றுநோய் கண்டறியப்பட்ட நாள் முதலே ஒருவர் அதன் காப்புக்கு உரியவராகிறார். நோய் நீங்கிய பின்னரும் அக்காப்பு நீங்குவதில்லை. வேலை தருவதாகச் சொல்லுமுன் உடல்நலம் பற்றி வினவுதலையும் 60 ஆம் பிரிவு பெரும்பாலும் தடுக்கிறது. பெரும்பாலும் என்றேன், பாரந்தூக்குதல் போன்று அவ்வேலைக்கு இன்றியமையாத செயலைச் செய்ய இயலுமா என்று கேட்கலாம். தாமாகவே சொல்ல விரும்புவோர், "நோயுற்றேன், தேறினேன், வேலைக்கு ஆயத்தம்" என்றளவில் நிறுத்திக்கொள்ளலாம். நோயின் வரலாறு முழுவதும் நேர்முகத்துக்கு வேண்டியதன்று.

சட்டத்தால் தீராத இடர் களைப்பு. சிகிச்சை முடிந்து மாதங்கள் சென்றும், சிலருக்கு ஆண்டுகள் சென்றும் அது நீடிப்பதுண்டு. ஓரிரவு உறங்கி எழுந்தாற் போகும் களைப்பன்று அது. நினைவும் கவனமுங்கூடச் சற்று மழுங்கலாம். உடல் தேறிக் காணப்படுவதால் உடனுழைப்போர் இதனைச் சோம்பலென்று எண்ணிவிடுவர். ஆதலால் முதற் சில வாரம் அரைநாள் வேலை, மருத்துவரைக் காணும் நாளில் விடுமுறை என்பனவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்திற் கேட்டுப் பெறுதல் நன்று. நியாயமான இத்தகைய மாற்றங்களைச் செய்துகொடுத்தல் அச்சட்டப்படி தொழில்தருநரின் கடமையாகும், சலுகையன்று.