யுத்த வாணமும் பேட்டெண்டுச் சட்டமும்

சுந்தரபாண்டியபுரத்துக் கொல்லர் ஒருவர் யுத்த வாணம் ஒன்று சமைத்து, சென்னைப் பேட்டெண்டு ஆபீஸில் மனுச் செய்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். அது புதியதுதானா என்று நிர்ணயிப்பது எங்ஙனம்? நமது தேச சரித்திரமே இதற்குத் தக்க திருஷ்டாந்தம் அளிக்கிறது.

காகிதக் குழல் தாங்காத அழுத்தத்தை இரும்புக் குழல் தாங்கும். ஹைதரும் திப்புவும் இரும்பிலேயே மருந்தை இறுகத் திணித்தபடியால், மைசூர் வாணங்கள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாய்ந்தன. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் அவற்றிற் சில இங்கிலாந்தில் வூல்விச்சுக்குப் போய்ச் சேர்ந்தன. சில வருஷங்களுக்குள் வில்லியம் காங்கிரீவ் தமது வாணத்தைச் செய்தார். 1807ல் கோபன்ஹேகன் நகரம் அதனால் எரிந்தது. 2018ல் ஷிமோகா ஜில்லாவில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய மைசூர் வாணங்கள் கிடைத்தன. சாட்சி மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது!

காங்கிரீவ் செய்ததனைத்தும் களவே என்பர் நம்மவரிற் சிலர். நாம் அதற்கு முழுதும் உடன்படோம். தேசாபிமானம் வேறு, பேட்டெண்டு விசாரணை வேறு. அங்கம் அங்கமாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். இரும்புக் குழலும் வழிகாட்டும் கழியும் மைசூருடையவை. அவற்றிற்கு இன்று எவர் உரிமை கோரினும் தள்ளுபடியே. அக்காலத்து ஆங்கிலச் சட்டமோ, அந்நிய தேசத்து வித்தையை முதலில் இறக்குமதி செய்தவனையும் கண்டுபிடித்தவனாகவே பாவித்தது! இன்றைய இந்தியச் சட்டம் உலகில் எங்கேனும் பிரசுரமானதையும் வழங்கியதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

1844ல் பேட்டெண்டு பெற்ற வில்லியம் ஹேலின் விஷயம் வேறு. அவர் கழியையே நீக்கி, புகை வெளிப்படும் துவாரங்களைச் சாய்த்து, வாணம் தானே சுழன்று நேரே செல்லும்படி செய்தார். மைசூர் வாணத்தைக் கண்ட மாத்திரத்தில் கைதேர்ந்த தொழிலாளிக்குத் தோன்றிவிடும் மாறுதல் அன்று இது.

நமது கொல்லரையும் இந்த அளவுகோலாலேயே அளக்கவேண்டும். குழலைச் சற்றுத் தடிப்பாக்கியது மாத்திரம் போதாது. முந்திய ஒரே ஆதாரத்தில் எல்லா அங்கங்களும் காணப்பட்டால் புதுமை போயிற்று. அப்படியில்லாவிடினும், இரண்டு பழைய ஆதாரங்களைச் சேர்த்துப் பார்த்த நிபுணனுக்கு அது எளிதில் புலப்படுமாயின் மனு நிராகரிக்கப்படும். மனுச் செய்யுமுன் கோயில் திருவிழாவிலே ஊரார் காணக் கொளுத்திக் காட்டிவிட்டாரோ, தம் வித்தைக்குத் தாமே விரோதியானார்.

இன்னொன்று: விஷயம் தேச ரக்ஷணையைச் சார்ந்ததானால், 1970ஆம் வருஷத்துச் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி கண்ட்ரோலர் பிரசுரத்தைத் தடுக்கலாம். அத்தடை நீடிக்கவேண்டுமா என்பதை ஆறு மாதத்திற்கொரு தரம் சர்க்கார் பரிசீலிப்பர். தடை நிற்கும்வரை பேட்டெண்டும் கிடையாது, கொல்லர் காத்திருக்கவேண்டியதுதான்.