பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும்!



ஸ்லேட்டில் எழுதியதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுகிறீர்கள். சற்று நேரம் கழித்து, "ஐயோ, பழையதே சரியாக இருந்ததே!" என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்? துடைத்தது துடைத்ததுதான். திரும்ப வராது.

கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழையது போய்விடும். தவறுதலாக அழித்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்! ஆனால், பழையதையும் வைத்துக்கொண்டு புதியதையும் எழுத ஓர் உபாயம் உண்டு. அதற்கு 'ஸ்நாப்ஷாட்' என்று பெயர். 'சட்டென்று எடுத்த புகைப்படம்' என்று பொருள். அது ஒரு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றிய கதையை முதலில் சொல்கிறேன்.

இரண்டு விநாடியில் வந்த ஆபத்து

கிட்லேப் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கவும், பலரோடு சேர்ந்து எழுதவும் உதவும் தளம் அது.

2017ஆம் ஆண்டு, ஜனவரி 31. கிட்லேப்பின் தகவல்கள் ஒரு முதன்மைக் கணினியில் இருந்தன. அதன் நகல் ஒரு துணைக் கணினியில் இருந்தது. அன்று துணைக் கணினியில் கோளாறு. 'அதிலுள்ளதை அழித்துவிட்டு, புதிதாக நகல் எடுப்போம்' என்று நினைத்தார் ஒரு பொறியாளர். இரவு நேரம், பல மணி நேரம் உழைத்த களைப்பு. அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். அடுத்த ஓரிரு விநாடிகளில் திடுக்கிட்டார். கட்டளை துணைக் கணினிக்குப் போகவில்லை, முதன்மைக் கணினிக்குப் போய்விட்டது!

உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் தகவலில் மிஞ்சியது வெறும் 4.5 ஜிகாபைட்தான்.

"வேறு நகல்கள் இருக்குமே?" என்று கேட்கிறீர்களா? அவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். தேடிப் பார்த்தால், நகல்கள் இருக்க வேண்டிய இணையக் கிடங்கு காலியாகக் கிடந்தது! நகல் எடுக்கும் புரோகிராம் பல நாட்களாகவே தோல்வியடைந்து வந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாரையும் போய்ச் சேரவில்லை.

அப்போதுதான் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. அழிந்துபோவதற்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்னால், வேறொரு சோதனைக்காக ஒரு ஸ்நாப்ஷாட் எடுக்கப்பட்டிருந்தது. அதை இன்னொரு கணினியிலும் ஏற்றி வைத்திருந்தார்கள். அதிலிருந்து தகவல்களைத் திரும்பக் கொண்டுவர ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது. அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்தவை மட்டும் திரும்பவில்லை. ஸ்நாப்ஷாட் இல்லாமல் இருந்திருந்தால் இழப்பு பல மடங்கு ஆகியிருக்கும்.

நடந்ததை அந்த நிறுவனம் மூடி மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டியது!

தீப்பெட்டி விளையாட்டு

ஸ்நாப்ஷாட் எப்படி வேலை செய்கிறது? படிப்பதைவிடச் செய்து பார்த்தால் நன்றாகப் புரியும். காலித் தீப்பெட்டிகள் 12 சேகரியுங்கள். 1 முதல் 12 வரை எண் போடுங்கள். காகம், நரி, வடை கதையை எட்டு வரியில் எழுதி, ஒரு வரிக்கு ஒரு துண்டுச் சீட்டாக வெட்டி, 1 முதல் 8 வரையுள்ள பெட்டிகளில் வையுங்கள்.

இப்போது ஒரு தாளில், 'திங்கள்: 1, 2, 3, 4, 5, 6, 7, 8' என்று எழுதுங்கள். கதையை எந்தெந்தப் பெட்டியில், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் இது. இந்தப் பட்டியல்தான் ஸ்நாப்ஷாட்! கதையை நாம் நகல் எடுக்கவே இல்லை, பாருங்கள். எங்கே இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம்.

இனி ஒரே ஒரு விதி. பட்டியலில் உள்ள பெட்டியைத் தொடக்கூடாது.

செவ்வாய்க்கிழமை, 'காகம் வேப்பமரத்தில் உட்கார்ந்தது' என்ற மூன்றாவது வரியை 'மாமரத்தில் உட்கார்ந்தது' என்று மாற்ற ஆசைப்படுகிறீர்கள். 3ஆம் பெட்டியை விட்டுவிடுங்கள். புதிய சீட்டை 9ஆம் பெட்டியில் வையுங்கள். பட்டியல் இப்படி ஆகும்: 'செவ்வாய்: 1, 2, 9, 4, 5, 6, 7, 8'.

புதன்கிழமை ஏழாவது வரி மாறுகிறது. காகம் வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடுகிறது! அந்தச் சீட்டு 10ஆம் பெட்டிக்குப் போகும். 'புதன்: 1, 2, 9, 4, 5, 6, 10, 8'.

இனி எந்த நாள் கதை வேண்டுமோ, அந்த நாள் பட்டியலை எடுத்துப் படிக்கலாம். மூன்று நாள் கதையையும் முழுதாக நகல் எடுத்திருந்தால் 24 சீட்டுகள் வேண்டும். நமக்கோ பத்தே சீட்டுகள் போதுமானதாக இருந்தன.

கேள்வி: திங்கள் பட்டியலை மட்டும் கிழித்துப் போட்டால், எந்தப் பெட்டியைக் காலி செய்யலாம்? யோசியுங்கள். விடை கடைசியில்.

கணக்குப் போடுவோம்

கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கும் இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பெட்டிகளாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெட்டியின் அளவு பல கணினிகளில் 4,096 பைட்.

ஒரு டிஸ்க்கில் 100 ஜிகாபைட் தகவல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் அதில் 1 ஜிகாபைட் அளவு மாறுகிறது. முப்பது நாளும் முழு நகல் எடுத்தால் 30 x 100 = 3,000 ஜிகாபைட் இடம் வேண்டும். ஸ்நாப்ஷாட் எடுத்தாலோ, 100 + 30 = 130 ஜிகாபைட் போதும். முழு நகல் எடுக்கப் பல மணி நேரம் ஆகலாம். பட்டியலைக் குறித்துக்கொள்ளச் சில விநாடிகளே போதும்.

வேறொரு முறையும் உண்டு. புதியதை எழுதும் முன் பழையதை எடுத்து ஓர் ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, அதே இடத்தில் புதியதை எழுதுவது. எந்த முறையானாலும், மாறியதற்கு மட்டுமே கூடுதல் இடம்.

யார் செய்தார்கள்?

இந்த உபாயத்தைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானது அமெரிக்காவின் நெட்ஆப் நிறுவனம். 1992இல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்கள் டேவிட் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் 1994இல் தங்கள் முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அவர்களுடைய கருவி, குறித்த நேரத்தில் தானாகவே ஸ்நாப்ஷாட் எடுக்கும். ஒரே சமயத்தில் 20 வரை வைத்திருக்கும். கோப்பைத் தவறி அழித்தவர், யாரையும் கேட்காமல் தானே பழையதை எடுத்துக்கொள்ளலாம்! பின்னாளில் விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் கணினிகளுக்கும் இந்த வசதி வந்தது.

ஸ்நாப்ஷாட் மட்டும் போதுமா?

போதாது, குழந்தைகளே. தீப்பெட்டிகள் எல்லாமே மழையில் நனைந்துவிட்டால், கையில் பட்டியல் இருந்து என்ன பயன்? டிஸ்க்கே பழுதானால் பழையதும் போகும், புதியதும் போகும். கிட்லேப்பின் ஸ்நாப்ஷாட் இன்னொரு கணினியிலும் ஏற்றப்பட்டிருந்ததால்தான் பிழைத்தது.

திருடர்களுக்கும் இது தெரியும். 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற கெட்ட புரோகிராம் உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அவற்றை மீட்டுவிடக் கூடாதே என்று, விண்டோஸில் இருந்த ஸ்நாப்ஷாட்களையும் அது அழிக்கப் பார்த்தது!

அதனால் பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது '3-2-1'. முக்கியமான தகவலுக்கு 3 பிரதிகள் வேண்டும். அவை 2 வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். அவற்றில் 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் புகைப்படங்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன? அம்மா அப்பாவிடம் இன்றே கேளுங்கள். ஒரே ஒரு செல்போனில் மட்டும் இருந்தால், ஒரு பென் டிரைவிலும் போட்டுவைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். கிடங்கு காலியாகக் கிடந்த கதை நினைவிருக்கிறதல்லவா?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். கம்ப்யூட்டருக்கும் அதுவே பொருந்தும்.

விடை: 3ஆம் பெட்டி மட்டும். 7ஆம் பெட்டியைத் தொடக்கூடாது. ஏனென்றால், அது செவ்வாய்ப் பட்டியலில் இன்னும் இருக்கிறதே!