அம்மாவுக்கு இங்கிலீஷ் வராவிட்டாலும்...

"உனக்கே இங்கிலீஷ் அரைகுறை, நீ எங்கே பிள்ளைக்குச் சொல்லித் தரப் போறே?" என்று கேட்கிற கணவன்மார்கள் எங்கள் வீட்டில் மட்டுமா இருக்கிறார்கள்? நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். என்னைப் போன்ற அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளும் தமிழ் மீடியம்தான். கட்டுரை நோட்டு முழுக்கச் சிவப்பு மை. டீச்சரைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது நோட்டைத் திருத்துகிறவர் ஒவ்வொருவருக்கும் விளக்க நேரத்துக்கு எங்கே போவார்? இவளும் வட்டம் போட்டதைத் திருத்தி எழுதுவதோடு சரி. ஏன் தப்பு என்று தெரியாது. அடுத்த கட்டுரையிலும் அதே தப்பு. கடைசியில் சொந்தமாக எழுதவே பயந்து, கைடைப் பார்த்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். காலாண்டுப் பரீட்சையில் கடிதத் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும், அந்தக் கேள்வியையே விட்டுவிட்டு வந்துவிட்டாள். 31 மார்க். பாஸுக்கு 35 வேண்டும். எங்கள் காலத்தில் பத்தாவதுக்கு இங்கிலீஷ் இரண்டு தாள். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம். 2019ல் அதை ஒரே தாளாக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் இவள் எழுத வேண்டியது அதைத்தான்.

ஒரு மத்தியானம் அவள் நோட்டையும் இலக்கணப் பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வட்டங்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் தப்பு என்னவோ நாலைந்துதான், திரும்பத் திரும்ப! அதிலும் பாதி நம்ம தமிழ்ப் பழக்கத்தால் வருவது. நமக்கு 'மூணு மாம்பழம்' என்றால் போதும். இங்கிலீஷில் 'த்ரீ மேங்கோஸ்' என்று 'எஸ்' போட்டாக வேண்டும். 'போகலை' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அங்கே 'டிட் நாட் கோ'. நடந்து முடிந்ததை 'டிட்'டே சொல்லிவிடுவதால் 'கோ' மாறக்கூடாது. இவளோ 'டிட் நாட் வென்ட்' என்றே எழுதிக்கொண்டிருந்தாள். 'அதைப் பத்திப் பேசினோம்' என்கிற நினைப்பில் 'டிஸ்கஸ்' பக்கத்தில் ஒரு 'அபவுட்' வேறு. அது தேவையே இல்லை.

இவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கையாலேயே எழுத வைத்தேன். இப்போது கட்டுரை எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட வேண்டும். நான் சாதம் வடிக்கிற வரைக்கும் திறக்கக் கூடாது. எழுதின சூட்டோடு படித்தால், மனசில் நினைத்ததுதான் கண்ணுக்குத் தெரியும், எழுதினது தெரியாது. அப்புறம் அடுப்படியில் நின்று சத்தமாக வாசித்து, வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். புரியாத இடத்தில் "யாரு போனா? எப்போ போனா?" என்பேன். என் வேலை அவ்வளவுதான். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று மாமாவுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அடுத்த வரியிலேயே 'ஹீ கோ டு ஹாஸ்பிடல்'. "பாட்டி எப்போடி ஆம்பளையானாங்க?" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "இரும்மா, இரும்மா" என்று பென்சிலை எடுத்து 'ஷீ' ஆக்கினாள். 'கோ'வையும் அவளே 'வென்ட்' ஆக்கினாள். இப்போதெல்லாம் பாதி இடத்தில் நான் கேட்பதற்கு முன்னாலேயே பென்சில் வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் தப்பு தேடுவது. ஒரு தடவை வாசித்தால் ஒரே ஒரு கேள்விதான். முதல் தடவை வினைச்சொல் மட்டும், அடுத்த தடவை 'எஸ்' மட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்கச் சொன்னால் எதுவுமே கண்ணில் படாது. ஸ்பெல்லிங் பார்க்க மட்டும் கடைசி வரியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். விஷயத்தோடு ஓடிப்போகாமல் வார்த்தையில் கண் நிற்கும். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு, பால் கணக்கு மாதிரி. 'டிட் நாட் வென்ட்'டுக்கு ஒரு மாசமாகக் கோடு விழவில்லை.

"செல்போன்ல அடிச்சா அதுவே திருத்துதே" என்கிறான் சின்னவன். திருத்துகிறதுதான். பரீட்சை ஹாலுக்குள் அது வராதே!

அரையாண்டில் 49 மார்க். கடைசிப் பத்து நிமிஷம் ஒதுக்கி, வினை ஒரு தரம், 'எஸ்' ஒரு தரம் பார்த்தாளாம். கடிதக் கேள்வியை விடவில்லை. 'எ', 'ஆன்' கூட எழுத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டால் பிடிபடுகிறது: 'ஹவர்' முன்னால் 'ஆன்', 'யுனிவர்சிட்டி' முன்னால் 'எ'. இந்தத் 'தி'யை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் தகராறு. சுலபமான வழி தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்