திருவையாறு அசோகா சியாச்சின் வரை தாங்குமா? ராணுவ உணவு பாக்கெட் மாறிய கதை

திருவையாற்றில் வாங்கிய அசோகா அல்வா ரெண்டு மூணு நாள் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சர்க்கரையும் நெய்யும் பார்த்துக்கொள்ளும். சாம்பார் சாதம் அப்படியில்லை. காலையில் கட்டினால் ராத்திரிக்குள் ஊசிவிடும். அதே சாதத்தை சியாச்சினில் நிற்கும் ராணுவ வீரர் மாதக்கணக்கில் வைத்திருந்து சாப்பிடுவது எப்படி?

டப்பா வந்தது, ஓப்பனர் வரவில்லை

படைக்குக் கெடாத உணவு தேடியது பிரான்ஸ். உணவைக் கண்ணாடி பாட்டிலில் காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வேகவைத்துக் காட்டிய நிக்கோலா அப்பேருக்கு 1810-ல் 12,000 பிராங்க் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், டப்பாவைத் திறக்கும் கருவி வர இன்னும் 40 வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான்!

டப்பா உடையாது, ஆனால் கனம். முதுகில் சுமந்து மலையேறுபவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. அமெரிக்க ராணுவமே 1980-களில்தான் டப்பாவைக் கைவிட்டு பைக்கு மாறியது.

பைக்குள் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்வது, 1961-ல் மைசூருவில் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம். இங்கும் பயன்படும் 'ரிட்டார்ட்' பையில் பொதுவாக மூன்று அடுக்குகள். வெளியே கிழியாத பாலியஸ்டர். நடுவில் காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் தடுக்கும் அலுமினியத் தாள். உள்ளே சூடு தாங்கும் பாலிப்ரொப்பிலீன். சீல் ஒட்டுவது இதில்தான்.

உணவை அடைத்து சீல் வைத்து, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான இயந்திரத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸில் சூடாக்குவார்கள். கொதிநீரின் 100 டிகிரி போதாதா? போதாது. பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் தப்பிவிடும்.

பை தட்டையாக இருப்பதிலும் விஷயம் இருக்கிறது. உருண்டை டப்பாவில் நடுப்பகுதிக்குச் சூடு போவதற்குள் ஓரத்துச் சாதம் குழைந்துவிடும். தட்டைப் பையில் சூடு சீக்கிரம் உள்ளே போகும்; சாதம் சாதமாகவே இருக்கும்.

அப்போ அசோகா?

சர்க்கரை கிருமிகளைத் தடுத்தாலும், காற்றும் வெளிச்சமும் பட்டால் நெய் சிக்கு வாடை அடிக்கும். அதைத் தடுக்கவும் அதே அலுமினியத் தாள்தான் உதவும்.

கடையில் விற்கும் பல ரெடிமேட் பொங்கல், பிரியாணி பாக்கெட்டுகளும் இதே முறையில்தான் தயாராகின்றன. பிரிக்காதவரை ஃபிரிட்ஜ் தேவையில்லை. அலுமினியம் இருப்பதால் பையோடு மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. பை உப்பியிருந்தால் ருசிகூடப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.