மாசிப் பனியும் ஒரு புடவையும்

மாசி மகத்துக்கு முந்தின நாள் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால், மணலில் புதிதாக ஓர் ஊர் முளைத்திருக்கும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் சட்டி பானையோடும் குழந்தை குட்டிகளோடும் வந்து இறங்கியிருப்பார்கள். சென்னையை ஒட்டிய படூரிலிருந்து ஓஎம்ஆர் சாலையில் தெற்கே திருப்போரூர் வழியாக வண்டியை விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இருக்கலாம். மணலில் நாலு கழி, மேலே ஒரு புடவை. வீடு தயார். கன்னியம்மனுக்கு மணலிலேயே படி கட்டிப் பூசை நடக்கும். பௌர்ணமி இரவு அங்கேயே தூங்கி, விடியலில் கல்யாணம், காதுகுத்து, பெயர் வைப்பது எல்லாம் நடக்கும்.

1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தால் இருளர்களை உலகம் அறியும். அவர்களில் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வெட்டவெளியில் கூடாரம் போட்டுத் தங்கும் கலைக்கும் ஒரு விருது இருந்தால் அதுவும் இவர்களுக்குத்தான் போக வேண்டும். நகரத்தில் அதற்கு ‘கேம்பிங்’ என்று பெயர் வைத்து, காருக்குப் பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறார்கள்.

இத்தனை மெல்லிய புடவை எதைத் தடுக்கிறது? மாசியில் இங்கே மழை அபூர்வம். காற்றுக்கும் அது தடை இல்லை, பக்கங்கள் திறந்தே கிடக்கின்றன. பகலில் நிழல் தரும், சரி. இரவில்?

வானத்தைத் தடுக்கிறது.

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். பனி மேலிருந்து கொட்டுவதாகத்தான் நாம் பேசுகிறோம். ஆனால் பனித்துளி எங்கிருந்தும் விழுவதில்லை. பக்கத்துக் காற்றில் இருக்கும் நீராவியே குளிர்ந்த பரப்பைத் தொட்டுத் துளியாகிறது. அந்தப் பரப்பு ஏன் காற்றைவிடக் குளிர்கிறது என்பதுதான் கேள்வி.

எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை ஓயாமல் வெளியே வீசிக்கொண்டிருக்கிறது. 23 டிகிரியில் இருக்கும் மணல், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 435 வாட் வீசும். வானமும் பதிலுக்கு அனுப்புகிறது, ஆனால் குறைவாக. ஈரப்பதம் மிகுந்த நம் கடற்கரையின் தெளிந்த இரவில் 380 வாட் அளவு திரும்பி வருவதாக வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தலைக்கு மேலே 13 டிகிரியில் ஒரு கூரை இருப்பதற்குச் சமம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது ஐம்பது அறுபது வாட், விண்வெளிப் பக்கமாகப் போய்விடுகிறது. தூங்கும் ஒருவரின் உடல் உண்டாக்கும் வெப்பமே 75 வாட்டைச் சுற்றித்தான். வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பவர் அதில் கணிசமான பங்கை மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சோதித்துக் காட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். பனி பற்றிய அவருடைய நூல் 1814இல் வந்தது. ஒரு பலகையைக் கால்கள் மேல் நிறுத்தி, மேலே ஒரு கம்பளிப் பஞ்சு, அடியில் ஒரு பஞ்சு என்று வைத்து, விடிந்ததும் எடை பார்த்தார். மேலே இருந்தது 14 கிரெயின் பனி குடித்திருந்தது, அடியில் இருந்தது 4தான். கிரெயின் அந்தக் காலத்து நுண்ணெடை. பிறகு அவர் செய்ததைக் கேட்டால் மாமல்லபுரம் நினைவுக்கு வரும். புல்தரையில் நாலு குச்சி நட்டு, அரையடி உயரத்தில் மிக மெல்லிய கைக்குட்டை ஒன்றை இழுத்துக் கட்டினார். ஓர் இரவில் திறந்த புல் காற்றைவிட 11 பாரன்ஹீட் டிகிரி குளிர்ந்திருந்தது. கைக்குட்டைக்கு அடியில் இருந்த புல் 3 டிகிரிதான் குளிர்ந்திருந்தது. மென்மையான செடிகளைக் காக்கத் தோட்டக்காரர்கள் மெல்லிய பாயைக் கட்டுவதைப் பார்த்து, அரைகுறை அறிவின் கர்வத்தில் முன்பெல்லாம் சிரித்ததாக வெல்ஸே எழுதிவைத்தார்.

துணிக்கு இந்தச் சக்தி எப்படி வந்தது? கண்ணுக்கு ஓரளவு ஊடுருவித் தெரிந்தாலும் வெப்பக் கதிர்களுக்குப் புடவை பெரும்பாலும் சுவர்தான். கீழிருந்து வருவதை உறிஞ்சி, தன் பங்குக்குக் கீழேயும் மேலேயும் வீசும். இரண்டு பக்கமும் காற்று தொடுவதால் அதன் சூடு காற்றின் சூட்டை ஒட்டியே நிற்கிறது. அடியில் படுத்திருப்பவருக்கு 13 டிகிரி வானத்துக்குப் பதில் 22 டிகிரிக் கூரை கிடைக்கிறது. பனி புடவையின் மேல்பக்கத்தில் பிடிக்கிறது, பாய் காய்ந்தே கிடக்கிறது. ராத்திரி நிறுத்திய பைக்கின் சீட் காலையில் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, மரத்தடியில் நின்ற பைக் காய்ந்திருப்பதும் இதே கணக்குதான்.

இந்த வானம் வறண்ட ஊர்களில் இன்னும் மூர்க்கமானது. அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண்தட்டுகளில் நீர் ஊற்றி, காய்ந்த கரும்பு, மக்காச்சோளத் தட்டைகளின் மேல் வைத்து ஐஸ் எடுத்த முறையை ராபர்ட் பார்க்கர் 1775இல் எழுதினார். காற்று உறைநிலைக்கு இறங்காத இரவுகளிலும் தட்டில் ஐஸ் கட்டியது. நம் கடற்கரையில் அது நடக்காது; காற்றிலுள்ள நீராவியே ஒரு போர்வையாக வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதே நீராவியால்தான் இங்கே பரப்பு ஓரிரு டிகிரி குளிர்ந்தாலே பனி பிடித்துவிடுகிறது.

இப்போது டிரெய்லருக்கு வருவோம். நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டி. அதைப் போன்ற ஒன்றில் நீர்க்கரையில் தூங்குகிறவர், தகரக் கூரையை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறார். கூரை குளிர்கிறது. ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் கால் லிட்டர் அளவு நீரை வெளியே விடுகிறார். நாலு பேர் என்றால் ஒரு லிட்டர். தகரத்துக்கு உள்ளே நல்ல தடுப்பு இல்லையென்றால் அது கூரையின் உள்பக்கத்தில் துளித்து மூக்கின் மேல் சொட்டும். வெளியே பிடிக்க வேண்டிய பனியைக் காசு கொடுத்து உள்ளே பிடிக்க வைப்பது என்று இதைச் சொல்லலாம். புடவைக் கூடாரத்தில் இந்தத் தொல்லை இல்லை, சுவரே கிடையாதே.

கூரை ஆயிற்று, படுக்கை? காய்ந்த மணலைப் போல மெத்தை அமைவது கடினம். மணிகளுக்கு இடையே காற்று நிற்பதால் அது வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துகிறது. ஈர மணல் பல மடங்கு வேகமாகக் கடத்தும், முதுகுச் சூட்டை உறிஞ்சிவிடும். காய்ந்த மணலின் மேல்பரப்பு பகலில் காலைச் சுட்டாலும் இரவில் சில்லிட்டாலும், ஒரு சாண் ஆழத்தில் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே சூடுதான். மேலாக நாலு விரல் மணலைத் தள்ளிவிட்டுப் பாயை விரித்தால் முன்னிரவு வரைக்கும் கதகதப்பு இருக்கும்.

அந்தக் காய்ந்த மணல் எது வரை என்பதை நிலவு தீர்மானிக்கிறது. பௌர்ணமியில் சூரியனும் நிலவும் ஒரே நேர்கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. ஓதம் எழுப்புவதில் சூரியனின் பங்கு நிலவின் பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சேரும்போது ஓதம் வழக்கத்தைவிட மேலே ஏறும். நம் கரையில் ஏற்ற இறக்கம் அப்போதும் ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், சாய்வான மணலில் அந்த ஒரு மீட்டர் நிறைய தூரம் நடக்கும். முந்தின அலை விட்டுப்போன சிப்பி, பாசி வரிசைக்கு நன்றாக மேலே கழி நட வேண்டும்.

கடைசியாக அடுப்பு. மாலையில் காற்று கடலிலிருந்து வருகிறது, புகை ஊர்ப் பக்கம் சாயும். அப்போது மூன்று கல் அடுப்பைக் கூடாரத்துக்கு மேற்கே வைப்பது சரி. இரவில் தரை 22 டிகிரி வரைக்கும் இறங்கிவிடுகிறது, கடல் 27 டிகிரியை விட்டு அசைவதில்லை. கடல் மேலுள்ள சூடான காற்று எழும்ப, கரைக் காற்று அந்த இடத்துக்கு ஓடுகிறது. விடியற்காலையில் அதே அடுப்பில் டீ போட்டால் புகை நேராகக் கூடாரத்துக்குள் வரும். மணலில் மூன்று கல்லையும் கிழக்கே மாற்றி வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அடுப்பும் ஜன்னலும் ஒரே பக்கமாகப் பொருத்திய டிரெய்லரில் ஜன்னலைத்தான் சாத்தியாக வேண்டும். சாத்தினால் கூரை மறுபடி சொட்டும்.