நடமாடும் வலையமைப்பும் வழிதேரும் நெறிகளும்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்குக் கரை எழுவான்கரை எனவும், மேற்குக் கரை படுவான்கரை எனவும் வழங்கும். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி இவ்விரு கரைகளிலும் மரங்களோடு மின்கம்பங்களையும் தொலைபேசிக் கம்பங்களையும் ஒருங்கே சாய்த்தது. 2004 திசெம்பர் 26ஆம் நாட் காலை ஆழிப்பேரலை கடலோர ஊர்களை அழித்தபோது, உற்றார் உளரோ இலரோ என அறிய விழைந்தோர் நடந்தே தேட நேர்ந்தது. கம்பமும் கோபுரமும் வீழ்ந்தவிடத்து, எஞ்சிய சிறு கருவிகளே தம்முட் கூடிச் செய்தி கொண்டுசெல்லல் இயலுமோ என்னும் வினா நம்மனோர்க்கு வெறும் ஏட்டுவினா அன்று.

அவ்வாறு கூடும் கூட்டத்தையே நடமாடும் தற்சேர்க்கை வலையமைப்பு என்பர். இதற்குத் தலைமை நிலையம் இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் செய்தியைச் சொல்லுவதோடு அயலார் செய்தியையும் வாங்கி அப்பாற் செலுத்தும். கருவியைக் கணு என்றும், துண்டுகளாக வகுக்கப்பெற்ற செய்தியைப் பொதி என்றும் கூறுவர். கணுக்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருத்தலின், இன்று உள்ள வழி அடுத்த கணத்தில் இல்லாது போகலாம். ஆதலின் வழியைத் தேர்வது எங்ஙனம் என்பதே இத்துறையின் தலையாய சிக்கலாயிற்று.

வழிதேரும் நெறிகள் இருபாற்படும். எல்லாத் துறைகளுக்கும் செல்லும் வழிகளை நாடோறும் விசாரித்து ஏட்டில் எழுதிவைத்திருக்கும் ஓடக்காரன் ஒருவன். பயணி வந்து கேட்டபின்னரே விசாரிக்கப் புறப்படுபவன் மற்றொருவன். முன்னவனைப் போன்றது பேர்க்கின்சு, பகவத் என்னும் இருவர் 1994இல் வெளியிட்ட டி.எஸ்.டி.வி. நெறி. பின்னவனைப் போன்றவை ஜோன்சன், மால்ற்சு ஆகியோரின் டி.எஸ்.ஆர். நெறியும், பேர்க்கின்சும் ரோயரும் வகுத்த ஏ.ஓ.டி.வி. நெறியுமாம். இப்பின்னிரண்டனுள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. டி.எஸ்.ஆர். நெறியில் ஒவ்வொரு பொதியும் தான் செல்லவேண்டிய வழி முழுவதையும் தன் தலையில் எழுதிச் சுமக்கும். ஏ.ஓ.டி.வி. நெறியிலோ ஒவ்வொரு கணுவும் அடுத்த கணு யாது என்பதை மாத்திரம் நினைவிற் கொள்ளும்.

இவற்றுட் சிறந்தது யாது? நூற்றுக்கணக்கான கருவிகளை வெளியில் ஓடவிட்டுச் சோதித்தல் பெருஞ்செலவாகும். ஒரே சோதனையை மீட்டும் அவ்வண்ணமே நிகழ்த்துதலும் அரிது. ஆதலின் அறிஞர் கணினியிற் போலச்செய்து பார்க்கலாயினர். 1998இல் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஒப்பீடு இவற்றுட் புகழ்பெற்றது. 1500 மீற்றர் நீளமும் 300 மீற்றர் அகலமும் உடைய வெளியில் 50 கணுக்கள் 900 செக்கன் நடமாடுவதாக அவர்கள் கொண்டனர். ஒரு கணுவின் குரல் எட்டுந் தொலைவு 250 மீற்றர். ஒவ்வொரு கணுவும் எழுமாறாக ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்குச் சென்று, சிறிது தங்கி, மீண்டும் வேறோர் இடத்தைத் தேரும். கணுக்கள் செக்கனுக்கு 20 மீற்றர்வரை விரைந்து, தங்காது திரிந்த நிலையில், டி.எஸ்.டி.வி. நெறி பொதிகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழந்தது. ஏட்டில் எழுதிய வழிகள் பழையனவாகிவிட்டமையே அதற்குக் காரணம். டி.எஸ்.ஆர்., ஏ.ஓ.டி.வி. இரண்டும் 95 வீதத்துக்கு மேற் சேர்த்தன.

இம்முடிவைப் பலரும் மேற்கோளாக எடுத்தாளுவர். அதே ஆய்வில் வரும் இன்னொரு முடிவே நமக்கு மிகவும் வேண்டுவதென்பது என் கருத்து. வேகத்தைச் செக்கனுக்கு 1 மீற்றராகக் குறைத்தபோது எல்லா நெறிகளும் ஏறக்குறைய எல்லாப் பொதிகளையும் சேர்த்துவிட்டன. 20 மீற்றர் என்பது மணிக்கு 72 கிலோமீற்றர். நெடுஞ்சாலை ஊர்தியின் வேகம். 1 மீற்றர் என்பதோ துடுப்பு வலித்துச் செல்லும் தோணிக்கு ஒத்தது. அந்நிலையில் நெறிகளை வேறுபடுத்துவது சேர்ப்பித்தல் அன்று, செலவு. மின்சாரம் அற்ற ஊரில் மின்கலத்தை விரைந்து தீர்க்கும் நெறி விலக்கத்தக்கது. அச்செலவை அளப்பதிலும் விழிப்பு வேண்டும்: பொதிகளின் எண்ணிக்கையாற் கணித்தால் டி.எஸ்.ஆர். சிக்கனமானது, பைற்றுகளாற் கணித்தால், அது சுமக்கும் வழிவிவரம் கூடிவிடுதலின், அச்சிறப்புப் பெரும்பாலும் மறையும்.

இனி வாவிக்கு வருவோம். எழுமாறாகத் திரியும் கணுக்கள் வெளியின் நடுவே செறியும் இயல்பின. மீனவர் தோணியோ எழுமாறாகத் திரிவதில்லை. மாலையில் ஒரு துறையிலிருந்து புறப்பட்டு, வலை விட்ட இடத்தே நெடுநேரம் நின்று, காலையில் அத்துறைக்கே மீளும். சிந்தித்தற்குரியது தொலைவும் ஆகும். 50 தோணிகளையும் 250 மீற்றர் இடைவிட்டு ஒரே வரிசையில் நிறுத்தினும் அச்சங்கிலி 12.25 கிலோமீற்றரே நீளும். அது வாவியின் நாலிலொரு பங்குக்கும் குறைவு. சங்கிலி அறுபட்டவிடத்து வழி தேர்வோன் எத்துணை வல்லவனாயினும் பயனில்லை. இல்லாத வழியை எவன் காண்பான்?

அறுபட்ட வலையமைப்புக்கு வேறொரு முறை உண்டு. கணு தான் பெற்ற பொதியை உடனே கடத்தாது வைத்திருந்து, சுமந்து சென்று, மற்றொரு கணுவைச் சந்திக்கும்போது கையளிக்கும். வாடற், பெக்கர் என்போர் இதனை 2000இல் விளக்கினர். 2004இல் சாஓ, அம்மார், செகுரா ஆகியோர், குறித்த வழியில் வந்துபோகும் சில கணுக்களையே தூதராக்கும் முறையை வகுத்து, அதற்குச் செய்தியோடம் எனப் பொருள்படும் பெயரையே இட்டனர். மண்முனைத்துறையில் 2014இற் பாலம் திறக்கப்படுமுன் அங்கு ஓடம் ஏறி இருகரையும் சென்றுவந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கரைக்குக் கரை ஓடும் ஒரு படகில் ஒரு கருவி இருப்பின், இருபுறத்துச் செய்திகளும் சில நாழிகை தாழ்ந்தேனும் சென்றுசேரும். உற்றார் நலம் அறியும் செய்திக்கு இத்தாமதம் பொறுக்கத்தக்கது. எச்சரிக்கைச் செய்திக்கு ஆகாது.

நம் மாணவர் இவ்வொப்பீட்டைத் தாமே செய்யலாம். என்.எஸ்.-3 என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. சாதாரணக் கணினியிலும் இயங்குவது. வேண்டுவது தோணிகளின் உண்மையான இயக்கப் பதிவு. மீனவர் இசைவோடு சில தோணிகளில் இடங்காட்டிக் கருவிகளை வைத்து, ஒருவாரப் பதிவு பெற்று, அதனைக் கணினிக்கு ஊட்டுதல் வேண்டும். ஒரே ஓட்டத்தின் முடிவை நம்பாது, எழுமாற்றுத் தொடக்கங்களை மாற்றிப் பன்முறை ஓட்டிச் சராசரி காணல் முறை. பதிவும் ஒருமுறை எடுத்தாற் போதாது. வடகீழ்ப் பருவமழையில் நீர் பெருகி முகத்துவாரம் திறந்தபின் தோணிகள் செல்லும் வழிகளும் நிற்கும் இடங்களும் மாறிவிடும். ஆதலின் ஆவணியில் ஒன்றும் மார்கழியில் ஒன்றுமாக இரு பதிவுகள் வேண்டும்.